பானையைச் சுற்றி நடந்தவள்

ஓலாங்கோ இறந்து ஒரு மழைக்காலம் கழிந்து அடுத்த மழைக்காலம் தொடங்கியபோது, சைப்ரோஸ் அகுட்டு தன் வீட்டுக் கூரைமேல் ஏறினாள். ஏறக்கூடாது. புருஷனை இழந்தவளின் கூரையைப் புருஷனுடைய சகோதரன்தான் பிரித்து வேய வேண்டும். அதற்கு முன்னால் அவன் அவளைத் தனக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை கூரை ஒழுகினால் ஒழுகிக்கொண்டிருக்கட்டும் என்பதுதான் ஏரிக்கரை லுவோ ஊர்கள் முழுக்க நடைமுறை.

மூன்று பெண் பிள்ளைகளும் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை நகர்ந்து தூங்கிய வாரம் அது. நான்காவது மூலையும் ஒழுக ஆரம்பித்த அன்று, விடிந்ததும் அவள் லெசோத் துணியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியை எடுத்துவிட்டாள்.

அவளுடைய கொழுந்தன் ஓபியேரோவுக்குச் செய்தி போய், அவன் வாயில் பல்குச்சியோடு ஓடி வந்தான். அவன் பின்னால் பாதி ஊர் வந்தது.

"கானோப் பொண்ணே, எறங்கு. ஊரே பார்க்குது."

கானோ அவள் பிறந்த சமவெளி. கட்டிக்கொண்டு வந்து பதினாறு வருஷமாகியும் இந்த ஊருக்கு அவள் கானோப் பொண்ணுதான்.

"பார்க்கட்டும். சும்மா நிக்கறதுக்கு அந்தப் புல்லுக்கட்டை மேல தூக்கிப் போடு."

"அது என் அண்ணன் வீடு."

"உன் அண்ணன் உசிரோட இருந்தப்பவும் ஒழுகிச்சு. அப்ப ஏன் நீ வரல?"

யாரோ சிரித்தார்கள். ஓபியேரோ பல்குச்சியைத் துப்பினான். "நான் உன்னை எடுத்துக்க மாட்டேன்னா சொன்னேன்? நாள் குறிச்சுச் சொல்லி அனுப்பினேன், நீதான் கதவைச் சாத்திக்கிட்டே. முறையை மீறினா சீரா பிடிக்கும், அந்தச் சாபம் விடாது. உனக்கு மட்டுமில்ல, உன் பிள்ளைங்களுக்கும். உருகி உருகிச் சாவீங்க."

"ஒழுகற வீட்டுல படுத்தா சளி பிடிச்சுச் சாவோம். எனக்குச் சீராவே தேவலாம்."

அன்று மத்தியானத்துக்குள் கூரை வேய்ந்து முடிந்தது. இறங்கும்போது ஏணியின் ஒரு படி முறிந்து முழங்காலில் சிராய்த்தது. அதையே சகுனமாக எடுத்துக்கொண்டு ஊர் வீட்டுக்குப் போனது.

ஓபியேரோ கெட்டவன் இல்லை. அடித்துப் பேசுவான், அதோடு சரி. அவனுக்கு ஏற்கெனவே இரண்டு மனைவிகள் இருந்தார்கள். அந்த இரண்டு வீடுகளையும் சைப்ரோஸ் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மூத்தவள் பிறந்த வீட்டிலிருந்து மாவு கடன் வாங்கி வருவாள். இளையவள் அவன் பெயரைக் கேட்டாலே வாயைக் கோணுவாள். மூன்றாவது வீடாகப் போய் நிற்க சைப்ரோஸுக்கு மனம் இல்லை. ஓலாங்கோவின் நினைப்பும் இருந்தது. ஆண்கள் களிமண் குழிப் பக்கம் போகக்கூடாதென்பதால், பானை செய்ய அவள் சுமந்து வரும் மண்ணுக்காக அவன் பாதை முக்கில் காத்திருப்பான். அங்கிருந்து வீடு வரை சுமை அவன் தலைக்கு மாறும். சக மீன்பிடிக்காரர்கள் கிண்டல் பண்ணுவார்கள். காதில் விழாதவன் மாதிரி நடப்பான். காய்ச்சல் வந்து ஒன்பதே நாளில் போய்விட்டான்.

ஊர் அவளோடு சண்டைக்கு வரவில்லை. அவள் பானையை வாங்குவதை நிறுத்திக்கொண்டது. கெண்டு பே சந்தையில் அவள் விரிப்பைத் தாண்டும்போது பெண்கள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு போனார்கள். விதைப்பு நாளில், அவள் கை முதலில் மண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, அவள் கொத்தைத் தொடும் முன்பே மற்றவர்கள் நிலத்தில் இறங்கி முடித்திருந்தார்கள். இரண்டு வருஷமாகப் புழங்கிய தண்ணீர்ப் பானையை ஒருத்தி தலையில் தூக்கி வந்து, சந்தை நடுவில் இறக்கி வைத்தாள்.

"தண்ணி கசக்குது."

சைப்ரோஸ் அதில் மிச்சமிருந்த தண்ணீரைச் சாய்த்துக் குடித்தாள். "எனக்குக் கசக்கலையே. போய் உன் நாக்கை வைத்தியர்கிட்ட காட்டு."

ஆனாலும் பானையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அந்த மாதம் சுட்டு எடுத்த பானைகள் எல்லாமே வீட்டுப் பின்னால் வரிசையாக நின்றன. கோழிகள் அவற்றில் அடை உட்கார்ந்தன.

அடுத்த வாரம் பானைகளைப் புல் வைத்துக் கட்டி, லாரி பிடித்து, கீசி மலைப்பக்கம் போனாள். அங்கே அவள் பேச்சும் புரியாது, அவள் கதையும் தெரியாது. ஆனால் பானை விற்கவில்லை. மலைக்காரர்கள் அலுமினியச் சட்டிக்கு மாறிவிட்டிருந்தார்கள். பக்கத்து விரிப்பில் ஒரு பருத்த பெண் மாவுக்கல்லில் தட்டு செதுக்கிக்கொண்டிருந்தாள். முகம், முடி, புருவம் எல்லாம் வெள்ளைப் பொடி. போசிபோரி என்று பெயர். இரண்டு பேரும் சுவாஹிலியை ஆளுக்கொரு விதமாகக் கொலை செய்து பேசிக்கொண்டார்கள்.

"ஏ லுவோக்காரி, காலையிலேர்ந்து பானை மாதிரியே நீயும் உக்காந்திருக்க. யாரு, எதைப் பார்த்து வாங்கறது?"

"நீ மட்டும் எப்படி விக்கற?"

"முடிச்சு வெச்ச தட்டை ஒருத்தனும் திரும்பிப் பார்க்கறதில்ல. செதுக்கறப்போ பாரு, ஈ மாதிரி மொய்ப்பானுங்க. மண்ணை எடுத்துட்டு வா. இங்கேயே போட்டுக் காட்டு."

"ஐயையோ. பானை பண்ற இடத்துல ஆம்பளை நிக்கக்கூடாது. எங்க ஊர் வழக்கம்."

போசிபோரி உளியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "உன் பானையை வாங்கக்கூடாதுங்கறதும் உங்க ஊர் வழக்கம்தானே? எந்த வழக்கத்தைப் பிடிச்சுக்கப் போற?"

சைப்ரோஸ் பானைகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆனால் அடுத்த முறை வரும்போது, ஈரச்சாக்கில் சுற்றிய களிமண்ணும் கொண்டுவந்தாள்.

அது ஒரு தேவாலயத்தின் அறுவடைத் திருவிழா. கவிழ்த்த கூடைமேல் ஓர் உடைந்த பானையின் அடியை வைத்தாள். அதற்குள் மண்ணை அப்பி அடிப்பாகம் பிடித்தாள். பிறகு மண்ணைப் பாம்பு மாதிரி உருட்டி, சுற்று மேல் சுற்றாக ஏற்றினாள். இடுப்பை மடித்துக் குனிந்து, ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே வைத்து, பின்னோக்கிக் காலெடுத்துப் பானையைச் சுற்றி நடந்தாள். சுரைக்காய் ஓட்டுத்துண்டு மண்ணை வழித்து மேலே இழுக்க இழுக்க, பானை வயிறு வைத்து எழும்பியது.

முதலில் சிறுவர்கள் வந்தார்கள். அப்புறம் பெண்கள் வந்தார்கள். பிறகு பாடகர் குழுவே பாட்டை நிறுத்திவிட்டு வந்தது.

"சக்கரமே இல்லையே!"

"சக்கரம் அவங்கதான்! மண்ணு நிக்குது, அம்மா சுத்தறாங்க!"

காலையிலேயே குடித்திருந்த ஒருவன் முன்னால் தள்ளாடி வந்தான். "ஏம்மா, நீ சுத்தறதைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது."

"உனக்குக் கோழி கூவறதுக்கு முன்னாடியே சுத்த ஆரம்பிச்சாச்சு. என் பானை மேல பழி போடாதே."

கூட்டம் சிரித்தது. அவளுக்கே ஆச்சரியம். ஒன்றரை வருஷமாக அவள் வாயைத் திறந்தால் முகங்கள்தான் இறுகிக்கொண்டிருந்தன. கொண்டுபோன பானைகளில் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் விற்றுப்போயின. மாலையில் செய்து காட்டிய பானையை அவள் திரும்பவும் பிசைந்து உருண்டையாக்கியபோது, ஒரு பாதிரியார் "ஐயோ!" என்று கத்தியேவிட்டார். காயாமல், சுடாமல் அதை லாரியில் கொண்டுபோக முடியாது என்று அவருக்கு விளக்கி ஆற்ற வேண்டியிருந்தது.

இப்படித்தான் அவள் திருவிழாக்காரியானாள். எங்கே மாட்டுச் சந்தை, எங்கே பள்ளிக்கூட ஆண்டு விழா, எங்கே விவசாயக் கண்காட்சி என்று போசிபோரி துப்பறிந்து சொல்லி அனுப்புவாள். சைப்ரோஸ் போவாள். வேன் கூரையில் பானைகளை ஏற்றும் பையன்களோடு தொண்டை கட்டச் சண்டை போடுவாள். ஓயுகிஸ் மேட்டில் ஒருதரம் கயிறு அறுந்து, பன்னிரண்டு பானைகள் சாலையில் உருண்டு போய்ச் சில்லுச் சில்லாயின. அவள் கீழே இறங்கி அந்தச் சில்லுகளைக்கூடப் பொறுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டாள். இடித்துத் தூளாக்கிப் புது மண்ணில் கலந்தால் பானை சுடும்போது விரிசல் விடாது. நடத்துனர் அவளைப் பைத்தியம் என்று நினைத்து, அவள் இறங்கும் வரை வாய் திறக்கவே இல்லை. அதுவும் ஒரு லாபம் என்று போசிபோரியிடம் சொன்னாள்.

ஒரு கண்காட்சியில் கலாசார அதிகாரி ஒருவர் ஆட்டுத்தோல் உடையும் மணிமாலையும் கொண்டுவந்து அவள் முன் நீட்டினார்.

"அம்மா, இதைப் போட்டுக்கிட்டு செஞ்சீங்கன்னா நல்லா இருக்கும். பார்க்க வர்றவங்களுக்குப் பழைய காலம் மாதிரி தெரியும்."

சைப்ரோஸ் தன் பூப்போட்ட கவுனைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். "நான் இப்பத்தானே சார் இருக்கேன்?"

"இல்ல, சும்மா ஒரு..."

"நீங்க போட்டுக்கங்க. டையைக் கழட்டிட்டு நீங்க தோலைப் போட்டுக்கிட்டு பக்கத்துல நில்லுங்க. நானும் போட்டுக்கறேன்."

அதிகாரி தோலைச் சுருட்டிக்கொண்டு போனார். அந்த வருஷம் அவளுக்கு மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் இடம் ஒதுக்கினார்கள். தொழுவத்துச் சாணியைக் கூட்டி அள்ளி, பானை சுட எரிமுட்டை தட்டிக் காயவைத்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினாள்.

நாலாவது வருஷம் ஹோமா பே கண்காட்சியில்தான் ஓபியேரோ வந்து சேர்ந்தான்.

அன்று அவளுக்கு நல்ல இடம் கிடைத்திருந்தது. பரிசுக் காளைகள் போகும் பாதையோரம், மர நிழல். நியாண்டிகா என்ற ஓட்டல்காரர் மீன் குழம்பு வைக்க ஒரு டஜன் சட்டி கேட்டிருந்தார். சைப்ரோஸ் பெரிய தண்ணீர்ப் பானை ஒன்றைப் பாதி உயரம் ஏற்றியிருந்தாள். கூட்டம் மூன்று அடுக்காக நின்றது. அதைத் தள்ளிக்கொண்டு ஓபியேரோவும் குலத்துப் பெரியவர்கள் இரண்டு பேரும் முன்னால் வந்தார்கள். ஓபியேரோ கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டிருந்தான். அது இப்போது வயிற்றில் பொத்தான் விழவில்லை.

"ஜனங்களே, தெரிஞ்சுதான் வாங்கறீங்களா? இவ யாருன்னு தெரியுமா? என் அண்ணன் பொண்டாட்டி. அண்ணன் செத்து அஞ்சு வருஷமாச்சு. முறை செய்யாம சுத்தறா. சாவு இன்னும் இவ மேலதான் இருக்கு. அந்தக் கையாலதான் இந்த மண்ணைத் தொடறா. இதுல சமைச்சுத் தின்னா யாரைச் சீரா பிடிக்கும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க."

ஒரு நொடியில் கூட்டத்தின் முகம் மாறியது. சட்டியைக் கையில் வைத்திருந்த பெண் அதைப் பையக் கீழே வைத்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். நியாண்டிகா கடிகாரத்தைப் பார்த்தார். கைப்பட்டை கட்டிய ஒழுங்குக்காரன் ஒருவன் ஓடி வந்தான்.

"அம்மா, பிரச்சினை வேண்டாம். கொஞ்ச நேரம் மூட்டை கட்டிட்டு அந்தப் பக்கம் இருங்க. குடும்ப விஷயத்தை வீட்டுல பேசிக்கங்க."

சைப்ரோஸுக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். ஆனால் கையில் பானை இருந்தது. விளிம்பு காய்வதற்குள் அடுத்த சுற்று ஏறாவிட்டால் ஒட்டாது. அவள் மண்ணை உருட்டினாள். விளிம்பில் வைத்தாள். நடக்க ஆரம்பித்தாள்.

"நான் மூட்டை கட்ட மாட்டேன் தம்பி. இடத்துக்கு ரசீது இருக்கு. சந்தையில ஆரம்பிச்சதை இவரு சந்தையிலேயே முடிக்கட்டும். ஓபியேரோ, பேசு."

அவள் சுற்றினாள். அவள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமென்றால் ஓபியேரோவும் கூடவே சுற்ற வேண்டியிருந்தது.

"நான் என்ன இல்லாததையா சொன்னேன்?" என்றான், பக்கவாட்டில் நடந்துகொண்டே.

"இல்ல. பாதியைச் சொன்னே. மீதியை நான் சொல்றேன். உனக்கு ரெண்டு வீடு இருக்கு. என்னை மூணாவதா வரச் சொன்னே. வந்திருந்தா உனக்கு யாரு களி கிண்டிப் போட்டிருப்பா?"

"நீதான்."

"எந்தக் கையால?"

ஓபியேரோ நின்றான். அவள் நிற்காததால் மறுபடி நடந்தான்.

"எந்தப் பானையில? இதே பானையிலதானே? தினம் ராத்திரி தின்னிருப்ப. அப்ப சாவு எங்க போயிருக்கும்?"

"முறை செஞ்சா சுத்தமாயிடும்."

"ஓ! அப்ப என் சுத்தம் உன் பாயிலதான் சுருட்டி வெச்சிருக்கா?"

கூட்டத்தில் பெண்கள் பக்கமிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. காளையைப் பிடித்துக்கொண்டு போனவன்கூட நின்றுவிட்டான். குலப் பெரியவர்களில் ஒருவர் தொப்பியைக் கண்ணுக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

சைப்ரோஸ் கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம் என்கிட்ட வாங்கினவங்க இங்க இருப்பீங்க. யாராச்சும் செத்தீங்களா? சொல்லுங்க!"

ஆளுக்கு ஆள் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பின்னாலிருந்து நீலத் தலைத்துணி கட்டிய ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"என் புருஷன் செத்துட்டாரு."

ஓபியேரோவின் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா!"

"ஆனா அவரு இவங்க பானையில ஒருநாளும் சாப்பிட்டதில்ல," என்றாள் அந்தப் பெண். "அவருக்கு எல்லாமே பாட்டில்லதான். பானையில சாப்பிட்டது நானும் பிள்ளைங்களும். நாங்க நல்லாத்தான் இருக்கோம்."

சிரிப்பு வெடித்தது. ஒழுங்குக்காரனும் வாயைப் பொத்திக்கொண்டான். அதற்குள் போசிபோரி மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, சைப்ரோஸின் சட்டி ஒன்றை ஏற்றி, பக்கத்துக் கடையில் வாங்கிய ஓமேனா மீனையும் தக்காளியையும் போட்டுவிட்டிருந்தாள். கல்பொடி அப்பிய முகத்தோடு கரண்டியை ஆட்டிக்கொண்டே கத்தினாள்.

"நான் கீசிக்காரி. உங்க சீராவுக்கு எங்க பாஷை தெரியாது. என்னை அது பிடிக்குதான்னு பார்ப்போம்!"

மீன் கொதித்தது. போசிபோரி முதலில் தின்றாள். சைப்ரோஸ் மண் கையைக் கழுவிவிட்டு வந்து தின்றாள். நீலத் தலைத்துணிப் பெண் வந்து உட்கார்ந்தாள். அப்புறம் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பெரும்பாலானவர்கள் வரவில்லை. வேடிக்கை பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று நகர்ந்தார்கள். சைப்ரோஸ் ஒரு தட்டில் மீனை வைத்து ஓபியேரோவிடம் நீட்டினாள்.

"ஊர்லேர்ந்து இவ்வளவு தூரம் வந்திருக்க. பசிக்கும். சாப்பிடு."

அவனுக்குப் பசிதான். அது முகத்திலேயே தெரிந்தது. தட்டைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், கோட்டை இழுத்து மூடப் பார்த்தான். "உன்னைக் குலத்துக்கு முன்னால நிறுத்தறேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். தொப்பிக்காரப் பெரியவர் இரண்டடி பின்தங்கி, தட்டிலிருந்த மீனில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு போனார்.

அவள் மறுபடி பானைக்குத் திரும்பினாள். விளிம்பு காய்ந்து போயிருந்தது. தண்ணீர் தொட்டுத் தடவிப் பார்த்தாள், ஒட்டவில்லை. மூன்று சுற்றை வெட்டி எறிந்துவிட்டு அங்கிருந்து மறுபடி ஏற்றினாள்.

நியாண்டிகா அந்த டஜன் சட்டியை வாங்க வரவில்லை. கைவினைப் பரிசு தையல் குழு ஒன்றுக்குப் போயிற்று. அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் பெயர் பிழையாக இருந்தது, அவள் எழுதியவரிடமே திருப்பி நீட்டித் திருத்தி வாங்கினாள். ஓபியேரோ சொன்னபடி குலக் கூட்டத்தைக் கூட்டினான். மூன்று நாள் பேசினார்கள். ஓலாங்கோ சோளம் போட்டுக்கொண்டிருந்த ஏரியோரத்துக் கீழ்நிலம் ஓபியேரோவுக்குப் போயிற்று. வீடும் அதைச் சுற்றியுள்ள மண்ணும் பிள்ளைகள் கல்யாணமாகிப் போகும் வரை அவளுக்கு என்று தீர்ப்பு. கீழ்நிலம் போனது அவளுக்கு உறைத்தது. பல நாள் அந்தப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் தண்ணீருக்குப் போனாள். ஆனால் தீர்ப்புச் சொன்ன பெரியவர் "இப்பவாவது மனசு மாத்திக்கறியா?" என்று கேட்டபோது, அவள் சொன்னது ஒன்றுதான்.

"நிலத்தைக் கொடுத்தீங்கல்ல. அவன் அதைக் கட்டிக்கட்டும்."

ஒருநாளும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசாத ருக்கியா நியார்வா என்பவள், அதற்கடுத்த மாதம் வேலி ஓரம் வந்து நின்றாள். ருக்கியாவின் புருஷனும் போன வருஷம் ஏரியில் மூழ்கியிருந்தான். அவளுக்கும் ஒரு கொழுந்தன் இருந்தான்.

"நான் கோரைப்பாய் நல்லா முடைவேன்," என்றாள் ருக்கியா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "அந்த லாரியில இடம் இருக்குமா?"

"பாய் உடையாது. மேல போட்டுக்கலாம்," என்றாள் சைப்ரோஸ். "வாயைத் திறக்கத் தெரியுமா உனக்கு? அங்க வந்து ஊமை மாதிரி உக்காந்தா நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

பிறகு மீன் கருவாடு போடும் ஒருத்தி சேர்ந்தாள். அப்புறம் கூடைக்காரி ஒருத்தி. கண்காட்சிக் காலத்தில் ஐந்தாறு பேர் ஒரே லாரியைப் பேசிக்கொண்டு, பின்னால் பானைக்கும் பாய்க்கும் நடுவில் உட்கார்ந்து பாடிக்கொண்டு போவார்கள். கீசி மேட்டில் போசிபோரி ஏறிக்கொள்வாள். அவள் கல் மூட்டையைத் தூக்கிப் போட்டால் வண்டியே ஒருபக்கம் சாயும். ஊர்க்காரர்கள் அதற்கு விதவை லாரி என்று பெயர் வைத்தார்கள். கேலியாகத்தான் வைத்தார்கள். சைப்ரோஸ் ஒரு கரித்துண்டை எடுத்து லாரியின் பின்பலகையில் அதையே பெரிசாக எழுதிவிட்டாள். டிரைவர் அழிக்கச் சொன்னான். அழிக்கவில்லை.

அப்படிப் போகும்போது ஒருதரம் ரோங்கோவுக்கு முன்னால் போலீஸ் சாவடியில் லாரியை நிறுத்தினார்கள். தடி வைத்திருந்த போலீஸ்காரன் பின்பலகையைத் தட்டி உள்ளே எட்டிப் பார்த்தான். ஆறு பெண்களும் அவனைப் பார்த்தார்கள்.

"எங்க போறீங்க இத்தனை பேரு? உங்க புருஷனுங்கல்லாம் எங்க?"

"புதைச்சாச்சு சார்," என்றாள் சைப்ரோஸ். "பானை வேணுமா?"